தள்ளியது யார்?

"ரபி, என் தம்பியைத் தள்ளியது நானா, ஆண்டவரா?"

கேட்டவன் செலிக். வயது ஐம்பத்திரண்டு. வோல்னிக் என்ற ஆற்றோர ஊரில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டுகிற வேலை. இரண்டு நாள் சேற்றில் நடந்து ரபியின் வீட்டுக்கு வந்திருந்தான். முழங்கால் வரை ஈரம்.

யூத குருவான ரபி அசரியா அவனைவிட இருபது வயது இளையவர்.

"உட்காருங்கள்," என்றார்.

"உட்கார வரவில்லை ரபி. பதிலுக்கு வந்தேன்."

"சரி. நின்றுகொண்டே சொல்லுங்கள்."

செலிக் கொட்டித் தீர்த்தான்.

போன கூடாரப் பண்டிகைக்கு அவனும் தம்பி லேமலும் இங்கே வந்திருந்தார்கள். அன்று ரபி பேசினார். ஆற்றில் ஒரு வைக்கோல் துரும்பு திரும்பினால் அதைத் திருப்புகிறவர் ஆண்டவர்; நீ விரலை உயர்த்தும் அந்த நொடியில் அந்த அசைவை அவர் தருகிறார்; தராவிட்டால் விரல் வெறும் மரத்துண்டு. இதைத்தான் சொன்னார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். வீடு திரும்பும் வழியெல்லாம் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே போனார்கள். காக்கை பறந்தால், "பார், அவர்!" வண்டிச் சக்கரம் உருண்டால், "பார், அவர்!" லேமலுக்குத் தும்மல் வந்தது. அதற்கும் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் ஆற்றங்கரையில் சண்டை வந்தது.

"எதற்கு?" என்று கேட்டார் ரபி.

செலிக் தலையைக் குனிந்துகொண்டான்.

"கயிற்றுக்கு இரண்டு முடிச்சுப் போதும் என்றான் அவன். மூன்று வேண்டும் என்றேன் நான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பேச்சு வளர்ந்தது. என் கை அவன் நெஞ்சில் போய் இடித்தது. அவன் கட்டைக் குவியல் மேல் சாய்ந்தான். குவியல் சரிந்தது. ஒரு கட்டை உருண்டு வந்து அவன் கால்மேல் ஏறியது."

"கால்?"

"முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்."

செலிக் தானே தொடர்ந்தான்.

"ஐந்து மாதம் ஆகிறது ரபி. அவன் வீடு என் தெருவிலேயேதான் இருக்கிறது. நான் போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு போவேன்? என் கைதான் தள்ளியது என்றால் நீங்கள் அன்று சொன்னது பொய். அவர்தான் தள்ளினார் என்றால் எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்."

"சோறு இறங்கவில்லையா?"

"சோதித்தும் பார்த்தேன். கஞ்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். கரண்டியை அவரே தூக்கட்டும், நான் தூக்குவதில்லை என்று இருந்தேன். கஞ்சி ஆறி ஆடை கட்டிவிட்டது. என் மனைவி த்வோரா வந்து பார்த்தாள். 'ஆண்டவருக்கு இன்றைக்குப் பசி இல்லை போலிருக்கிறது' என்று சொல்லி, எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக்கு ஊற்றிவிட்டாள்."

ரபிக்குச் சிரிப்பு வந்தது. செலிக்கின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

எழுந்து அவன் எதிரில் வந்து நின்றார்.

"அசையாமல் நில்லுங்கள்," என்றார்.

"நின்றுகொண்டுதானே இருக்கிறேன்."

"இன்னும் அசையாமல். துளிகூட."

செலிக் நின்றான். கட்டை சுமந்த உடம்பு. நிற்பது அவனுக்குப் பெரிய வேலையில்லை. ஜன்னலுக்கு வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"போதுமா ரபி? நான் அசையவில்லை."

ரபி அவன் நெஞ்சில், துடிக்கும் இடத்தில், உள்ளங்கையை வைத்தார்.

"இது?"

செலிக் விழித்தான். விழித்தபோது இமை ஒருமுறை மூடித் திறந்தது. அதையும் ரபி விரலால் சுட்டிக்காட்டினார். அவன் மூச்சை விட்டான். அதையும் காட்டினார்.

"இதையெல்லாம் அசைப்பது நீங்களா?"

"நான் இல்லை."

"நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா?"

"எப்படி முடியும்?"

ரபி கையை எடுத்துக்கொண்டார்.

செலிக்கின் முகத்தில் ஏதோ தெளிந்தது போல் இருந்தது. அடுத்த கணமே இருண்டது.

"அப்படியானால் தள்ளியதும் அவர்தானா? லேமலின் காலை எடுத்தது அவரா? அப்படிப்பட்டவரையா நான் தினம் மூன்று வேளை தொழுகிறேன்?"

"தெரியவில்லை," என்றார் ரபி.

"என்ன?"

"எனக்குத் தெரியவில்லை. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன வருடம் என் மகள் இறந்தாள். காய்ச்சலில் அந்தச் சின்ன உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அந்த நடுக்கத்தை யார் தந்தது என்று கேட்டேன். இன்னும் கேட்கிறேன்."

செலிக்குக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு நாள் நடந்து வந்தது, தெரியவில்லை என்ற ஒரு சொல்லுக்கா?

"தெரியாததை ஏன் ரபி பிரசங்கம் செய்தீர்கள்?"

"அது தெரியும். நீங்கள் கேட்பதுதான் தெரியவில்லை."

இது அவனை இன்னும் குழப்பியது. திரும்பிக் கதவு வரை போனான்.

"செலிக்."

நின்றான்.

"கட்டை உருண்ட பிறகு என்ன நடந்தது? அதை நீங்கள் சொல்லவில்லையே."

"என்ன நடக்கும்? லேமல் கத்தினான்."

"பிறகு?"

"கரையில் ஒருவன் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். நம் யூத ஆள்கூட இல்லை. ஓடி வந்தான். கட்டைக்குக் கீழே கழியைக் கொடுத்து நெம்பினான். தனியாக அவனால் முடியவில்லை. கழி முறிந்தது. இன்னொரு கழி தேடிக்கொண்டு ஓடினான். திரும்பி வந்து மறுபடி நெம்பினான். அப்புறம்தான் கட்டை நகர்ந்தது."

"நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"அங்கேதான்."

"எவ்வளவு தூரத்தில்?"



"கை நீட்டினால் எட்டும் தூரத்தில்."

"என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை ரபி. நின்றேன்."

"உங்கள் நெஞ்சு?"

"பறை மாதிரி அடித்தது."

"மூச்சு?"

"வாங்கியது."

"கை?"

"நடுங்கியது. ரத்தம் விரல் நுனி வரை வந்து முட்டியது. ஓடு ஓடு என்று உடம்பெல்லாம் துடித்தது."

"அத்தனையும் ஓடிக்கொண்டுதான் இருந்தது," என்றார் ரபி மெதுவாக. "அவர் எதையும் நிறுத்தவில்லை."

செலிக் தன் கையைப் பார்த்தான்.

"அப்படியானால் செலிக், நின்றது யார்?"

அன்று அவன் ரபியின் வீட்டில் சாப்பிடவில்லை. விடைபெற்றானா என்பதும் நினைவில்லை. சேற்றில் வந்த வழியே திரும்பி நடந்தான்.

வழியெல்லாம் தலைக்குள் ஒரே இரைச்சல். இந்தக் காலை எடுத்து வைப்பது யார்? நானா, அவரா? ஒரு இடத்தில் கேள்வி அவ்வளவு முற்றியதால் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டான். பின்னால் வந்த வண்டிக்காரன் திட்டினான். ஒதுங்கப் போய்ச் சேற்றில் வழுக்கி விழுந்தான். எழுந்தான். எழுப்பியது யார் என்று யோசிக்க ஆரம்பித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

பதில் எதுவும் கிடைக்கவில்லை. வோல்னிக் வந்துவிட்டது.

தன் வீட்டைத் தாண்டிப் போனான். ஜன்னலில் த்வோரா அவனைப் பார்த்துவிட்டாள். கூப்பிட வாயெடுத்தவள், அவன் போகும் திசையைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டாள்.

லேமலின் கதவைத் தட்டினான்.

உள்ளே ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம். ஒன்று, பிறகு இடைவெளி, பிறகு ஒன்று. வந்து சேர நேரமாயிற்று. கதவு திறந்தது. தம்பி இளைத்திருந்தான். தாடியில் பாதி நரைத்திருந்தது.

செலிக் வழியில் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"லேமல், நான் உன்னைத் தள்ளியது..."

"தெரியும்."

"இல்லை. அது இல்லை. அதற்குப் பிறகு... அதற்குப் பிறகு நான் நின்றேனே."

லேமல் அவனையே பார்த்தான். கோலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயின.

"அன்று அந்தக் கட்டைக்கு அடியிலும், இந்த ஐந்து மாதமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அது ஒன்றைத்தான், அண்ணா," என்றான்.

செலிக் அழுதான். எங்கே நிற்கிறோம் என்பதும் மறந்து அழுதான்.

லேமல் கோலை நகர்த்தி, கதவை இன்னும் கொஞ்சம் திறந்தான்.

"இரண்டு காலும் இருக்கிறவன் வாசலிலேயே நின்றால் எப்படி? உள்ளே வா. குளிர் வருகிறது."