பன்னிரண்டாவது சோதனை

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அச்சகத்தை மூடிய பிறகு கணினிப் பக்கம் வந்தவர். அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த குரு ஜெசிந்தாவுக்கோ முப்பத்தாறுதான். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். இரண்டும் மனசிலிருந்து வந்ததுதான்.

பாளையங்கோட்டையில் அவர்கள் இருந்த சின்ன நிறுவனம் ஒரு மென்பொருள் நூலகம் செய்தது. அடுத்த மாத்திரை எப்போது என்று கணக்குப் போட்டுச் சொல்லும். மாத்திரையை நினைவூட்டும் செயலிகள் அதை எடுத்துப் பொருத்திக்கொள்ளும். ஜெசிந்தா அதைக் கையால் சோதித்துத் தவறு கண்டுபிடிப்பாள். அதே தவறு திரும்ப வந்தால் கணினியே பிடித்துவிடும்படி மாசிலாமணி தானியங்கிச் சோதனை எழுதி வைப்பார்.

"எழுத வேண்டிய சோதனை பாக்கி பதினொன்றுதானே? அதுவும் முடிந்தால் கையால் சோதிக்க ஆள் எதற்கு?" என்று மேலாளர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

அன்றோடு மாசிலாமணிக்கு விரல் ஓடவில்லை. மூன்று வாரமாகப் பதினொன்று பதினொன்றாகவே கிடந்தது. கேட்டால் கண்வலி என்பார். சரி, டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஜெசிந்தா ஒரு காலையில் அவரைத் துரத்திவிட்டாள்.

மத்தியானம் வந்து பார்த்தால் பதினொன்றும் முடிந்திருந்தது. அவளே உட்கார்ந்து எழுதியிருந்தாள். எல்லாச் சோதனையும் தேறிவிட்டது என்று திரை முழுக்கப் பச்சை.

"கண்ணு எப்படி இருக்குண்ணே?"

"நல்லாத்தான் இருக்காம்."

"எனக்குத் தெரியும்."

"என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க! உங்க நாற்காலியை நீங்களே தூக்கி வெளியே போட்டுட்டீங்களே!"

ஜெசிந்தா பையைத் துழாவினாள். "ஐயையோ, காலை மாத்திரையை மறந்தே போயிட்டேன். ஒன்பது மணிக்குப் போன் கூப்பிட்டுச்சு. எழுதுற மும்முரத்துல அதோட வாயை அடைச்சுட்டேன்."

மாத்திரையை விழுங்கி, போனில் 'போட்டாச்சு' என்று தட்டினாள். அதில் இருந்ததும் இதே நூலகம்தான். வருஷக்கணக்காக அவள் தன் மாத்திரைக்கும் அதைத்தான் வைத்திருந்தாள். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது.

சரியாக ஒரு மணிக்குப் போன் கூவியது. 'பகல் மாத்திரை நேரம். இப்போது போடவும்.'

மாசிலாமணி பதறிப்போய் அவள் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கினார். "போட்டுடாதீங்க! இப்பத்தானே ஒண்ணு போட்டீங்க!"

திரும்பித் திரையைப் பார்த்தார். அது இன்னும் பச்சையாகவே இருந்தது.

"நம்ம சோதனையில வர்றவங்க எல்லாம் ரொம்ப ஒழுங்கானவங்கண்ணே. ஒருத்தர்கூட நேரம் தப்பி மாத்திரை போட்டதில்ல." ஜெசிந்தா சிரித்தாள். "உட்காருங்க. பன்னிரண்டாவதை எழுதுங்க."

உட்கார்ந்தார். மூன்று வாரம் ஓடாத விரல் இப்போது ஓடியது. பாதியில் நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"டீச்சர், இதையும் எழுதி முடிச்சுட்டா?"

"அதுக்குள்ள நான் வேற எதையாவது மறந்திருப்பேண்ணே."