மாப்பிள்ளையை அவுட் கேட்காத கிளப்பு

ஒரு ஊர்ல ஒரு கிரிக்கெட் கிளப்பு இருந்துச்சு. ஊரு பேரு ஆலங்கொல்லை, கிளப்பு பேரு இளஞ்சிங்கம். பேரு வைக்கும்போது எல்லாரும் இளசுதான். அப்புறம் சிங்கங்களுக்கெல்லாம் முட்டி வலி வந்துச்சு, பல்லு ஆடுச்சு. பலகையில இருந்த பேரை மட்டும் யாரும் மாத்தல. ம் சொல்லு. சொன்னாத்தான் மேல போவேன்.

கிளப்புக்குக் கேப்டன் சடையாண்டி. பந்து போடறவரும் அவருதான். எதுக்கெடுத்தாலும் யோசிக்கிற ஆளு. இப்பப் போடவா வேண்டாமான்னு அவரு யோசிக்கிறதுக்குள்ள, எதிர்ல நிக்கிறவரு ஒரு பீடியே குடிச்சு முடிச்சிருவாரு.

பக்கத்து ஊரு வேப்பன்குளம். வருசா வருசம் அவங்களோட ஒரு மேட்ச். வருசா வருசம் நம்மாளுங்களுக்குத் தோல்வி. ஏன்னு கேளு. ஆலங்கொல்லைப் பொண்ணுங்களையெல்லாம் வேப்பன்குளத்துலதான் கட்டிக்குடுத்திருந்தாங்க. மட்டையோட வந்து நிக்கிறதுல பாதிப் பேரு மாப்பிள்ளை. மாப்பிள்ளையைப் பாத்து "அவுட்டு"ன்னு கத்த முடியுமா?

ஒரே ஒரு தடவை கத்தினாங்க. சடையாண்டியோட தங்கச்சி பேச்சி. அவளைக் கட்டின வீரபத்திரன், கல்யாணமான வருசம் ஆட வந்தாரு. மொதப் பந்து. டணார்! குச்சி பறந்துச்சு. ஊரே ஓன்னு கத்துச்சு. அவரு மட்டையைப் போட்டாரு, வண்டியை எடுத்தாரு, டுர்ர்ருன்னு போயிட்டாரு. பேச்சியைப் பொறந்த வீட்டுலயே விட்டுட்டு! பொங்கலுக்கு ஊரே போய்க் கெஞ்சினப்புறம்தான் கூட்டிட்டுப் போனாரு.

அதுலேருந்து இளஞ்சிங்கத்துல ஒரு சட்டம். மாப்பிள்ளைக்கு மெதுவாப் போடணும், அவுட் கேக்கக் கூடாது. அப்புறமென்ன, வீரபத்திரன் அடிஅடின்னு அடிச்சாரு. தன்னை மாதிரி ஆட்டக்காரன் சுத்துவட்டாரத்துலயே இல்லைன்னு மீசையை முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சாரு.

ம்? தூங்கிட்டியா? சரி, கேளு.

அப்புறம் ஒரு வருசம் ஊர்க்கூட்டத்துல சொல்லிட்டாங்க. "இந்தத் தடவையும் தோத்தா கிளப்பைக் கலைச்சிடுங்கப்பா. அந்த எடத்துல கொள்ளாவது வெதைக்கலாம்." கிளப்பு இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சடையாண்டி எங்க போவாரு, பாவம்!

மேட்ச் நாளு வந்துச்சு. அம்பயரு, ரெண்டு ஊருக்கும் ஒறவில்லாத பஞ்சுமிட்டாய்க்காரரு. "எனக்குத் தெரிஞ்சது ஒரே சட்டம். கேட்டா வெரலைத் தூக்குவேன், கேக்கலேன்னா தூக்க மாட்டேன்"னுட்டாரு.

நம்மாளுங்க மொதல்ல ஆடினாங்க. அப்புறம் வேப்பன்குளம் ஆடுச்சு. ஒறவில்லாதவங்கள்லாம் மளமளன்னு அவுட்டு. அந்த வருசம் வந்திருந்த மூணு மாப்பிள்ளைங்கதான் மிச்சம்.

மொத மாப்பிள்ளையை மாமியா வீட்டுல விருந்துக்குக் கூப்பிட்டாங்க. கறிக்கொழம்பு, மீன் வறுவல், மேல பாயசம். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்." சாஞ்சவரு எந்திரிக்கவே இல்லை. கொர்ர்ர்... கொர்ர்ர்...

ரெண்டாவது மாப்பிள்ளை வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மட்டையை ஓங்கினாரு. அப்போ பாத்து அவரோட மாமனாரு பந்து வர்ற பக்கம் வந்து நின்னாரு. மரியாதைக்கு மடிச்ச வேட்டியை எறக்கி விட்டாரு மாப்பிள்ளை. காலு சிக்குச்சு. தொபுக்கடீர்! குச்சி மேலயே விழுந்தாரு. இதுக்கு யாரு அவுட் கேக்கணும்?

மூணாவது, வீரபத்திரன். கடைசி ஆளு தனியாவும் ஆடலாம்னு அங்க வழக்கம். அவரு விருந்துக்கும் போகலை, யாரு மூஞ்சியையும் பாக்கலை. இன்னும் ரெண்டு ரன் அடிச்சா வேப்பன்குளம் ஜெயிச்சுரும்.

சடையாண்டி யோசிச்சாரு, யோசிச்சாரு, போட்டாரு. டிக்! மட்டையில ஒரசின பந்து பின்னாடி நின்னவரு கையில போய் உக்காந்துச்சு. ஒருத்தரும் அவுட் கேக்கலை.

அம்பயரு சடையாண்டியைப் பாத்தாரு. கேட்டா தங்கச்சி வாழ்க்கை போகும், கேக்கலேன்னா கிளப்பு போகும். சடையாண்டி வாயைத் தொறந்தாரு. காத்துதான் வந்துச்சு.

அப்போ பொம்பளைங்க கூட்டத்துலேருந்து ஒரு சத்தம். "அவுட்டு! அண்ணே, நான் கேக்கறேன், அவுட்டு!" பேச்சி!

"யாரு கேக்கணும்னு என் சட்டத்துல இல்லையே"ன்னு சொல்லிக்கிட்டே பஞ்சுமிட்டாய்க்காரரு வெரலைத் தூக்கிட்டாரு.

வீரபத்திரனுக்குக் கண்ணு செவந்துச்சு. "ஏண்டி, நீ எந்த ஊரு?"

"உங்க ஊருதான். இந்த ஒரு பந்துக்கு மட்டும் எங்க ஊரு. எத்தனை வருசந்தான் உங்களை அவுட் கேக்காம பொத்திப் பொத்தி வச்சிருப்பாங்க?"

அவருக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. "மச்சான், அப்ப நான் அடிச்சதெல்லாம்?"

சடையாண்டி காலால மண்ணைக் கீறினாரு. "பாதி நீங்க அடிச்சதுதான், மாப்பிள்ளை."

எல்லாரும் அவரோட வண்டியையே பாத்தாங்க. அவரு வண்டிப் பக்கம் போகலை. சாஞ்ச மீசையோட திரும்ப வந்து நின்னாரு. "போடுங்க மச்சான். மரியாதையில்லாமப் போடுங்க. எனக்குத் தெரியணும்."

சடையாண்டி போட்டாரு. டணார்! "இன்னொண்ணு." டணார்! பேச்சி பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. "இன்னொண்ணு." இருக்கற பலத்தையெல்லாம் சேத்துப் போட்டாரு. சொய்ங்! பந்து தென்னை ஒசரத்துக்குப் போய், கம்மாய்க்கு அந்தப் பக்கம் விழுந்துச்சு.

"பாத்தியாடி!"ன்னு வீரபத்திரன் குதிச்சாரு. "பாத்தேன், பாத்தேன், வண்டியை எடுங்க"ன்னு பேச்சி பின்னாடி ஏறிக்கிட்டா.

கிளப்பு பொழச்சுது. ஊரே ஆடுச்சு. சடையாண்டி மட்டும் அந்தப் பந்து போன பக்கமே பாத்துக்கிட்டு நின்னாரு. அது நெசமான சிக்ஸரு. அப்போ இத்தனை வருசம் தோத்ததுல எத்தனை, மாப்பிள்ளைன்னு விட்டுக் குடுத்தது? எத்தனை நெசமாவே தோத்தது?

அன்னிக்கு ராத்திரி அவருக்குத் தூக்கமே வரலை. உனக்கென்ன வந்துச்சு? ஆட்டம் கலைஞ்சுது, கதையும் வீட்டுக்குப் போயிடுச்சு. கண்ணை மூடு.