நடுவரிசை

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன அம்மன் கோவில். அதன் வாசலில் தினமும் கோலம் போட்டுவந்தவள் உலகம்மை. வயது முப்பத்தைந்துகூட இராது. ஆனாலும் ஊர்ப் பெண்கள் அவளிடம் கோலம் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ளும் சாக்கில் மனதில் கிடந்ததையும் கேட்டார்கள். உலகம்மை அதிகம் பேசமாட்டாள். பேசவேண்டிய இடத்தில் மாவைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

அவளுடைய சீடர்களில் மூத்தவள் சண்முகவடிவு. குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவள். குரு சீடரை 'அக்கா' என்பாள். சீடர் குருவைத் 'தாயி' என்பாள். இருவருக்கும் அது சரியாகவே இருந்தது.

கார்த்திகையின் கடைசி நாளில் வடிவு வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"தாயி, நீ எங்க வீட்டுக்கு வரணும். வாசலைப் பங்கு போட்டுக் குடுக்கணும்."

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். "பங்குதான் ஆவணியிலேயே ஆயிட்டே?"

"வீடு ஆச்சு. நடுவுல சுவரும் எழுப்பியாச்சு. அண்டா, குண்டா, ஆட்டுரல் வரைக்கும் பிரிச்சாச்சு. வாசல் ஒண்ணாப் போச்சே. அதுல அவ பாதி, நான் பாதி கோலம் போடுதோம்."

'அவ' என்றது கோமதியை. வடிவின் கொழுந்தன் மனைவி. முன்பெல்லாம் ஒருத்தி புள்ளி வைத்தால் மற்றவள் இழை வளைப்பாள். பாகம் பிரிந்த நாள் முதல் இருவருக்கும் பேச்சு இல்லை.

"பாதிப் பாதி போட்டா அப்புறம் என்ன தகராறு?"

"எங்க மாமியார் காலத்துலேருந்து எங்க வாசலுக்கு ஏழு புள்ளிச் சிக்குக் கோலந்தான், தாயி. அஞ்சு, மூணு, ஒண்ணுன்னு குறைஞ்சு அந்தப் பக்கம் ஒம்பது புள்ளி, இந்தப் பக்கம் ஒம்பது. நடுவரிசையில ஏழு நிக்குதே, அது யாருக்கு? மூத்தவ நான். அவ என்னடான்னா, பெருக்கித் தெளிக்கிறது நானு, எனக்குத்தான்னு பால்காரர்கிட்ட சொல்லுதா. என்கிட்ட சொல்ல மாட்டா. அவர்கிட்ட சொல்லி எனக்குக் கேக்க வைப்பா."

"நீங்க?"

"நானும் பால்காரர்கிட்டதான் சொல்லுதேன்."

"பாவம் அந்த மனுசன்."

வடிவு சிரிக்கவில்லை. "இது தீரலைன்னா வாசல் நடுவுலயும் செங்கல் வெச்சுக் கட்டிருவேன்னு கொழுந்தன் சொல்லியாச்சு. அதையும் கட்டிட்டா, அப்புறம் அவ மூஞ்சியைக்கூட..." என்று தொடங்கியவள் அதை முடிக்காமல் வேறு சொன்னாள். "நீ அளந்து சொல்லு தாயி. நீ சொன்னா அவ கேப்பா. யாருக்குன்னு சொன்னாலும் சரி."

மறுநாள் மார்கழி முதல் நாள். இருட்டு பிரியும் முன்பே உலகம்மை அவர்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். கோமதி சாணம் தெளித்த வாளியோடு ஒரு பக்கம் நின்றாள். வடிவு மாவுக் கிண்ணத்தோடு மறுபக்கம் நின்றாள். உலகம்மை குனிந்து, மயிரிழை பிசகாமல் புள்ளிகளை வைத்தாள். பிறகு நடுவரிசையைக் காட்டினாள்.

"இதை நான் அளந்து சொல்லுற வரைக்கும் ரெண்டு பேரும் தொடக் கூடாது. அவங்கவங்க பக்கத்துல போடுங்க."

சொல்லிவிட்டுத் தெருவின் எதிர்ப்புறம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இருவரும் குனிந்தார்கள். கோமதிக்குக் கை வேகம். வடிவுக்குக் கை சுத்தம். புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து வந்த இழைகள் நடுவரிசைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டன. சிக்குக் கோலத்தில் இழை ஒரு புள்ளியைச் சுற்றித்தான் திரும்ப முடியும். இங்கே அந்தப் புள்ளியைத் தொடக் கூடாது. வடிவின் பக்கம் முனைகள் அறுந்த நூல்போல நின்றன. கோமதியின் பக்கமும் அப்படியே.

கோலத்தின் முனை திறந்து கிடக்கும் வாசலில் நல்லது எதுவும் தங்காது என்பார்கள். இருவருக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தவள் ஒரே மாமியார்தான்.

"தாயி, அளந்துட்டியா?"

"அளந்துட்டுதான் இருக்கேன்."

உலகம்மை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கு வெளுத்தது. தெருக்கோடியில் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது.

வடிவு அந்த முனைகளைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். மணிச் சத்தம் கிட்டே வந்தது. அதற்குமேல் அவளால் ஆகவில்லை. மாவை அள்ளி நடுவரிசையின் முதல் புள்ளியைச் சுற்றினாள். சுற்றிய இழை தானாகப் போய், எதிர்ப்பக்கம் திறந்து கிடந்த முனையில் சேர்ந்தது.

"அக்கா, இழை கோணுது. பைய" என்றாள் கோமதி.

ஆவணிக்குப் பிறகு அவள் வடிவிடம் நேரே பேசிய முதல் பேச்சு அது.

"பாத்துக்கிட்டே நிக்கியே, நீ வந்து வளைக்க வேண்டியதுதானே?" என்றாள் வடிவு. அதட்டலாகத்தான் சொல்ல நினைத்தாள்.

கோமதி மாவை அள்ளிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

பால்காரர் வந்து சைக்கிளை நிறுத்தினார். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்கு யாருக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டார். இருவரும் நடுவரிசையின் கடைசிப் புள்ளியை வளைத்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் நிமிர்ந்தபோது எதிர்ப்புறம் உலகம்மையைக் காணோம். செங்கல் பேச்சும் அதன்பிறகு எழவில்லை.

பத்து நாள் கழித்து வடிவு கோவிலுக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது. குரலில் மட்டும் சூடு இருந்தது.

"நீ அளந்து சொல்லவே இல்ல, தாயி. அதோட பலனைப் பாரு. ராத்திரியெல்லாம் எனக்குக் காய்ச்சல். காலையில எந்திரிக்க நேரமாயிட்டு. வெளிய வந்து பாத்தா முழு வாசலையும் அவளே போட்டுட்டா. என் பாதியையும் சேத்து! போதாததுக்குக் கசாயம் வேற போட்டுக் கொண்டாந்து, குடிக்கிற வரைக்கும் தலைமாட்டுல நிக்கா."

"கோலம் எப்படி இருந்துச்சு?"

"அதுக்கென்ன, லட்சணமாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு புள்ளியைச் சுத்தாம விட்டுட்டா. அவளுக்கு எப்பவும் அவசரம்."

"அப்படியே விட்டுட்டா வந்தீங்க?"

"அதெப்படி விட முடியும்? மாவெடுத்து நானே சுத்தி முடிச்சுட்டுதான் வாரேன்."

உலகம்மை கையில் ஒட்டியிருந்த மாவைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எந்தப் பக்கத்துப் புள்ளி அக்கா அது?"

வடிவு பதில் சொல்ல வாயெடுத்தாள். கண்ணை மூடி வாசலை மனதுக்குள் கொண்டுவந்தாள். இடது கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு வலது கையை நீட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் என்று பிடிபடாமல் இரண்டு கையையும் இறக்கிக்கொண்டாள்.