மல்லப்பா ரசம் பரிமாறிய நாள்

தாளவாடி மலைமேல் ஓர் ஆசிரமம். குரு செண்பகவல்லிக்கு நாற்பத்தொரு வயது. சீடர் சித்தமல்லப்பாவுக்கு ஐம்பத்தாறு. பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வீட்டில் கன்னடம், பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் தமிழ் என்று வளர்ந்தவர்.

மூன்று வருஷமாகியும் அவருக்குத் தியானம் கூடவில்லை. பழியைக் கன்னடத்தின்மேல் போட்டார். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், அதைப் பேசுவதில்லை என்று விரதம் எடுத்தார். தங்கை போன் பண்ணினாள். தமிழில் பதில் சொன்னார். அவள் அழுதுவிட்டாள். அப்படியும் தியானம் கூடவில்லை. மனிதர் நொந்துபோனார்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு குருவிடம் வந்தார்.

“நான் கிளம்புறேம்மா.”

“ஏன்?”

“கண்ணை மூடினா ஒவ்வொரு நினைப்பும் ரெண்டு பாஷையில வருது. ஒத்தப் பாஷைக்காரங்களுக்குப் பாதிச் சத்தம்தான். எனக்கு இந்த ஜென்மத்துல வாய்க்காது.”

“சரி. இன்னைக்கு அமாவாசை, கூட்டம் வரும். ரசம் மட்டும் பரிமாறிட்டுப் போங்க.”

அங்கே ஒரு வழக்கம். கேட்காமல் யார் இலையிலும் எதையும் விடக்கூடாது. மல்லப்பா வாளியோடு பந்தியில் இறங்கினார். ஈரோட்டுக்காரருக்குப் பக்கத்தில் சாம்ராஜ்நகர்க்காரர், அடுத்து மறுபடி தமிழ். இவரிடம் “ரசம் விடட்டுங்களா?” அவரிடம் அதையே கன்னடத்தில். நடுவில் ஒருவர் கன்னடத்தில் தண்ணீர் கேட்டார், ஓர் அம்மாள் தமிழில் அப்பளம் கேட்டார். மல்லப்பா ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. விரதம் முடிந்த நிம்மதியோ என்னவோ, முகம் மலர்ந்திருந்தது.

வாளி காலியானதும் குரு கூப்பிட்டார்.

“யார்கிட்டயாவது பாஷை மாத்திப் பேசிட்டீங்களா?”

“இல்லையே.”

“ரெண்டும் ஒண்ணா வாய்க்கு வரலையா?”

“வராம என்ன? எப்பவும் ரெண்டும் முந்திக்கிட்டுத்தான் வரும். ஆளைப் பார்த்து ஒண்ணை உட்கார வெச்சிடுவேன்.”

“அது மறுபடி எந்திரிச்சா?”

“மறுபடி உட்கார வெப்பேன். அதோட போய் சண்டையா போட முடியும்?”

“எத்தனை வருஷமா இப்படி?”

மல்லப்பா யோசித்தார். “பள்ளிக்கூடம் சேர்ந்ததுலேர்ந்து. அம்பது வருஷம் இருக்கும்.”

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதைத்தான் இங்க எல்லாருக்கும் சொல்லிக்குடுத்துக்கிட்டிருக்கேன், மல்லப்பா. நான் அதைப் பழக ஆரம்பிச்சு இன்னும் இருபது வருஷம்கூட ஆகல.”

மல்லப்பா அடுத்த பந்திக்கு இலை போடப் போனார்.