பிந்தி விழும் அடி

“வாத்தியாரே, நம்ம பேண்டை இவ்வளவு மெதுவாக்குனது யாரு? நானா, அவனா?”

ரெமிஜியுஸ் இப்படிக் கேட்டு நின்றபோது தஸ்நேவிஸ் ஒரு ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

“முதல்ல தள்ளி நில்லுங்கண்ணே. கால்ல விழுந்துரும்.”

ரெமி தள்ளி நின்றான். கேள்வி தள்ளி நிற்கவில்லை.

“சொல்லு வாத்தியாரே. நானா, அவனா?”

தஸ்நேவிஸ் ரெமியைவிட மூன்று வயது இளையவன். தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவன். அப்படியிருந்தும் அவனுக்கு வாத்தியார் என்று பெயர் விழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால், ரெமி கிதாரை வைத்துக்கொண்டு தலைதெறிக்க வாசித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து தஸ்நேவிஸ் ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

“அண்ணே, யாரும் துரத்தலியே?”

ரெமி நின்றான். அன்றைக்குப் பிறந்ததுதான் ‘பாரம்’.

பாரம் ஒரு டூம் மெட்டல் பேண்ட். கிதார்க் கம்பியை நன்றாகத் தளர்த்தி, அடிவயிற்றிலிருந்து உறும வைத்து, ஒரு அடி அடித்துவிட்டு நின்றுவிடுவார்கள். அந்தச் சத்தம் சுவரில் முட்டி, தரையில் புரண்டு, தானாகச் சாக வேண்டும். அது செத்த பிறகுதான் அடுத்த அடி. ரெண்டு அடிக்கு நடுவில் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். தெரிந்தவர்களே கொஞ்சம்தான். அவர்கள் தெருவில் ஒருவருக்கும் பாரத்தைத் தெரியாது. பின்லாந்தில் நாற்பது பேருக்குத் தெரியும்.

பேஸ் கிதார் வாசிக்க ஐந்து பேர் வந்தார்கள். ஒருத்தன் கத்தாருக்குப் போனான். ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆனது. ஒருத்தன் ரெண்டு அடிக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். மற்ற இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் வருவதை நிறுத்திவிட்டார்கள். பேஸே வேண்டாம் என்று விட்டாயிற்று.

மிஞ்சியது மூன்று பேர். டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிற தஸ்நேவிஸ். முதல் கிதார் ரெமி. இரண்டாவது கிதார் இசக்கிராஜ்.

அந்த இசக்கிராஜ்தான் ரெமியின் தொண்டையில் பன்னிரண்டு வருசமாகச் சிக்கியிருக்கும் முள்.

தஸ்நேவிஸ் ஐஸ் பாரை மரப்பலகையில் சாய்த்து வைத்தான். கையைத் துடைத்தான்.

“இப்ப எதுக்குண்ணே இந்தக் கேள்வி?”

ரெமி செல்போனை நீட்டினான்.

ஜெர்மனியில் ஒருவர் பாரத்தின் நான்கு ஆல்பங்களையும் பெரிய இசைத்தட்டுகளாகப் போடப்போகிறார். அட்டையில் அச்சிட ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். அதில் இப்படி இருந்தது: ‘முதல் கிதார் விழுகிறது. ஒரு மயிரிழை பிந்தி இரண்டாவது கிதார் விழுகிறது. காலை இழுத்து நடக்கும் ஒரு மிருகத்தைப் போல. அந்தப் பிந்தல்தான் இந்தக் குழுவின் உயிர். இசக்கிராஜ் வந்த பிறகே பாரம் பாரமானது.’

ரெமியின் பெயரும் இருந்தது. கடைசி வரியில், ‘மற்ற உறுப்பினர்கள்’ என்ற இடத்தில்.

“மற்ற உறுப்பினர்கள்,” என்றான் ரெமி. “பேண்டுக்குப் பேர் வச்சவன் நான். முதல் ஆம்ப் பெட்டிய வாங்க மோதிரத்தை வித்தவன் நான். மற்ற உறுப்பினர்!”

“அவருக்குத் தெரிஞ்சத எழுதியிருக்காரு.”

“நீ எழுதுனா மாத்துவாரு. உன் பேச்சுன்னா அவருக்கு வேதவாக்கு. பாரத்தை மெதுவாக்குனது ரெமின்னு ஒத்த வரி எழுது வாத்தியாரே. எழுதலைன்னா வார ஞாயித்துக்கிழமையோட நான் இல்ல. கிதாரைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்.”

தஸ்நேவிஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

“இசக்கி பிந்தி அடிக்காருன்னுதான உங்களுக்குக் கோவம்? நீங்களும் பிந்த வேண்டியதான?”

ரெமியின் முகம் சுருங்கியது. வெளியே சொல்லாத ஒன்றைத் தொட்டுவிட்டான் வாத்தியார்.

“பிந்தாமலா இருக்கேன்?” குரல் இறங்கிப்போனது. “பன்னெண்டு வருசமா பிந்திப் பாக்கேன். போன தடவைக்கு இந்தத் தடவை கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் அடிக்கேன். ஒவ்வொரு தடவையும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். இதுக்கு மேல முடியாதுங்கற இடம் வரைக்கும் போயி அடிக்கேன். அப்பவும் அந்தப் பய எனக்குப் பொறவுதான் அடிக்கான். ஒரு நாள் கூட, ஒரு அடி கூட, நான் அவனுக்குப் பிந்துனது கிடையாது. அவன் மனசுல அப்படி என்னதான் பொறுமையோ!”

தஸ்நேவிஸ் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான். சிரித்தானோ என்னவோ.

“அவருகிட்டயே கேட்டிருக்கலாம்ல?”

“அவங்கிட்டயா? நானா? அதுக்கு இந்த ஐஸ் தொட்டியில குதிப்பேன்.”

“சரி. இந்த வாரம் நம்ம நாலு ஆல்பத்தையும் கேட்டுட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை உங்க முன்னாலயே எழுதுதேன்.”

ரெமி கேட்டான்.

துறைமுகத்துக்கு எதிரே, சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஆபீஸில் அவனுக்கு வேலை. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

முதல் ஆல்பம், இசக்கி வருவதற்கு முன்னால் போட்டது. அடிக்கு அடி ரெண்டு நொடி. இரண்டாவது, இசக்கி வந்த பிறகு. நான்கு நொடி. மூன்றாவதில் ஏழு. நான்காவது ஆல்பம் முழுவதும் ஒரே பாட்டு, முப்பத்தோரு நிமிசம். அதில் அடிக்கு அடி பன்னிரண்டு நொடி.

எல்லாம் அவன் வந்த பிறகு.

ரெமி ஹெட்போனைக் கழற்றி வைத்தான். பெங்களூரில் ஒரு கச்சேரி முடிந்து இறங்கியபோது நடந்தது ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தாடிக்காரப் பையன் கண்ணீரும் கம்பலையுமாக ஓடி வந்தான். ரெமி கையை நீட்டினான். அவன் ரெமியைத் தாண்டிப் போய் இசக்கியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். திரும்பி ரெமியிடம் செல்போனைக் கொடுத்து, “அங்கிள், ஒரு போட்டோ” என்றான்.

ரெமிதான் எடுத்துக் கொடுத்தான். கொஞ்சம் ஆட்டி எடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. படகு போகாத நாள். ஐஸ் கம்பெனிக்கும் லீவு.

கம்பெனியின் பின்பக்கம் முன்பு ஐஸ் சேமித்த பழைய அறை ஒன்று உண்டு. சுவருக்குள்ளே உமி அடைத்துக் கட்டியது. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே கேட்காது. பாரம் இருபத்திரண்டு வருசமாக அங்கேதான் வாசிக்கிறது.

ரெமி ஆட்டோவிலிருந்து, கிதாருக்குச் சத்தம் கூட்டும் ஆம்பை இறக்கும்போதே இசக்கி ஓடி வந்துவிட்டான். வெல்டிங் பட்டறைக்காரன். கை முழுக்கப் பொறி பட்ட தழும்பு.

“அண்ணே, குடுங்கண்ணே, நான் தூக்குதேன்.”

“எனக்குக் கை இல்லையா?”

“இருக்குண்ணே,” என்று சொல்லிவிட்டு அவன்பாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். ரெமிக்கு அதுவும் பிடிக்கவில்லை. பெரிய நல்லவன் வேசம்.

உள்ளே போனால் அறையின் நடுவே நீலத் தார்ப்பாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. உத்தரத்திலிருந்து தரை வரைக்கும். ரெமி நிற்கும் இடம் இந்தப் பக்கம். இசக்கி நிற்கும் இடம் அந்தப் பக்கம். தார்ப்பாயின் ஓரத்தில் டிரம்ஸ். தஸ்நேவிஸுக்கு மட்டும் இரண்டு பக்கமும் தெரியும்.

“இது என்ன வாத்தியாரே, திரை போட்ட கோயிலு மாதிரி?” என்றான் இசக்கி.

“சும்மாதான். இன்னைக்கு இப்படி வாசிப்போம்.”

ரெமிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். நல்லதாப் போச்சு, அவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டாம். உள்ளபடிக்கு அவன் எப்போதும் யார் மூஞ்சியையும் பார்த்ததில்லை. ஆம்புக்கு நேரே திரும்பி, மற்றவர்களுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான். அப்போதுதான் கிதார் நன்றாக உறுமும்.

“ஆல்பம் கேட்டீங்களாண்ணே?” தஸ்நேவிஸ் குனிந்து மெதுவாகக் கேட்டான்.

“கேட்டேன்.”

“என்ன கேட்டுச்சு?”

“அவன் அடிதான் கேட்டுச்சு.”

“உங்க அடி?”

“அத எதுக்குத் தனியாக் கேக்கணும்? எனக்குத் தெரியாததா?”

தஸ்நேவிஸ் தலையை ஆட்டினான். செல்போனை எடுத்து டிரம்ஸ் மேல் வைத்தான். ஜெர்மன்காரருக்கு எழுத வேண்டிய இடம் திறந்து கிடந்தது, காலியாக.

“ஒரு பாட்டு. முடிச்சுட்டு எழுதுதேன்.”

குச்சியை நான்கு தடவை தட்டினான்.

ரெமி கண்ணை மூடினான். கையை உயர்த்தினான். அடிக்கவில்லை.

இன்றைக்கு விடப்போவதில்லை. இன்றைக்கு அவன் முந்த வேண்டும், நான் பிந்த வேண்டும். ஒரே ஒரு தடவை. அது போதும்.

ஐந்து நொடி போனது. பத்து போனது. எங்கேயோ ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ரெமியின் தோள் வலித்தது. அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

நிக்கானே. எப்படி நிக்கான்?

இருபது நொடி. நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. இதற்கு மேல் முடியாது என்ற இடம் வந்தது. அதையும் தாண்டிக் கொஞ்சம் போனான். அதற்கு மேல் கை தானாக விழுந்துவிட்டது.

அடி விழுந்தது. கூடவே டிரம்ஸ் விழுந்தது. உமிச்சுவர் அதிர்ந்தது.

ரெமி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மயிரிழைக்குக் காத்திருந்தான். இதோ. இப்போ விழும். இப்போ.

விழவில்லை.

அவனுடைய சத்தம் மட்டும் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வந்தது. ஆள் இல்லாத வீட்டில் கூப்பிட்டுப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு அடங்கியது.

தவறவிட்டுட்டான், என்று நினைத்தான் ரெமி. தவறவிட்டுட்டான்! இரண்டாவது அடியை அடித்தான். இந்தத் தடவை காத்திருக்கவில்லை.

தனியாகத்தான் விழுந்தது.

மூன்றாவதும் தனியாக விழுந்தது. இவ்வளவு மெலிசாகவா இருக்கும் தன் கிதார்? ஆம்பைத் தொட்டுப் பார்த்தான். குமிழ் எல்லாம் சரியாகத்தான் நின்றது. சத்தத்தைக் கூட்டினான். நான்காவது அடி சத்தமாக விழுந்தது. அதுவும் மெலிசாகத்தான் இருந்தது.

பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தான்.

“ஏலே இசக்கி! தூங்கிட்டியா?”

“இல்லண்ணே.”

“பொறவு என்ன எழவுக்குடா அடிக்காம நிக்கே?”

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கமிருந்து, தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் குரலில்:

“உங்க கை தெரியலண்ணே.”

“என்னது?”

“உங்க கை இறங்குறதப் பாத்துத்தான எப்பவும் அடிப்பேன். வந்த நாள்லருந்து அப்படித்தான். சத்தத்தக் கேட்டு அடிச்சா ரொம்பப் பிந்திரும். எனக்கு வேற ஒண்ணும் தெரியாதுண்ணே.”

ரெமிக்கு மேஜையில் வைத்த கைக்கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது.

ரெண்டு நொடி. நான்கு. ஏழு. பன்னிரண்டு. அத்தனையும் தன் கை பொறுத்த நொடிகள்.

தஸ்நேவிஸ் செல்போனைக் கையில் எடுத்தான்.

“அண்ணே, என்ன எழுதட்டும்?”

ரெமி கிதாரைக் கழற்றி ஆம்பின் மேல் சாய்த்துவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தான்.

“ஏலே,” என்றான், “இந்தத் தார்ப்பாய அவுக்கணும், முடிச்சு எந்தப் பக்கம்டே இருக்கு?”