தாய்க் கட்டுரை

“மிஸ், ரெண்டு தடவ பெயில் ஆயிட்டேன். இந்தத் தடவையும் போச்சுன்னா பட்டம் கிடையாது. நல்ல இங்கிலீஷா நாலு வரி போட்டுக் குடுங்க.”

கேட்டவர் கன்னியப்பன். ஓவியக் கல்லூரியில் கடைசி வருடம். வயது முப்பத்தெட்டு. ஹெப்சிபா மிஸ்ஸுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஓவியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுத்தரும் வேலை. யாரும் விரும்பிப் படிக்காத பாடம்.

கன்னியப்பன் நீட்டிய கட்டுரையை மிஸ் முன்பே பல முறை படித்திருந்தார். அந்தக் கல்லூரியில் ஒரு தாய்க் கட்டுரை உண்டு. எப்போதோ ஒரு புண்ணியவான் எழுதியது. வருஷா வருஷம் கைமாறி வரும். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். இன்மையின் வெளியை இப்படைப்பு விசாரிக்கிறது என்று ஆங்கிலத்தில் தொடங்கும். எழுதியவருக்கே புரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மிஸ் கட்டுரையோடு ஓவியக்கூடத்துக்கு நடந்தார். கன்னியப்பன் பின்னால் போனார்.

ஒரு பெண் பூசணிக்காய் வரைந்துகொண்டிருந்தாள். மிஸ் அந்தப் படத்தின் கீழே கட்டுரையை வைத்தார். பொருந்தியது.

அடுத்தது யாரோ வரைந்த ஆடு. அதற்கும் பொருந்தியது.

பிறகு கன்னியப்பனின் படத்துக்குக் கீழே வைத்தார்.

கழிவுநீர்த் தொட்டியின் திறந்த வாய். உள்ளே ஒரு கயிறு போகிறது. மறுமுனை வெளியே ஒரு இரும்பு கேட்டில் கட்டியிருக்கிறது. ஆள் யாரும் இல்லை.

அது எந்தத் தொட்டி என்று கல்லூரிக்கே தெரியும். அதில் கூலிக்கு இறங்கித்தான் அவருடைய தம்பி ஏகாம்பரம் செத்தான். அந்த நேரத்தில் தான் பக்கத்துத் தெருவில் போர்டு எழுதிக்கொண்டிருந்ததாகக் கன்னியப்பன் சொல்லியிருந்தார். அவர் அம்மாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

“கயித்தக் கட்டுனது யாரு?” என்றார் மிஸ்.

மிஸ் நகரவில்லை. பூசணிக்காய் வரைந்த பெண் தூரிகையை வைத்துவிட்டு வெளியே போனாள்.

“நான்தான்” என்றார் கன்னியப்பன் கடைசியில். “கையிலதான் புடிச்சினு இருந்தேன். போன் வந்துச்சு. கேட்ல கட்டிட்டுப் பேசப் போனேன்.”

இப்படி ஒரு பதிலை மிஸ் எதிர்பார்க்கவில்லை. கட்டுரையை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கன்னியப்பன் முன் வைத்தார்.

“அவ்ளோ இங்கிலீஷ் எனக்கு வராது மிஸ்.”

“இதுக்கு வேண்டியது உங்களுக்கு வரும்.”

கன்னியப்பன் சாயங்காலம் வரை எழுதினார். ஒன்றரைப் பக்கம் வந்தது. தம்பி எத்தனை மணிக்கு இறங்கினான், தான் எவ்வளவு நேரம் பேசினார், திரும்பி வந்து இழுத்தபோது கயிறு எப்படிக் கனத்தது, எல்லாம் இருந்தது. பிழைகளை மட்டும் மிஸ் திருத்திக்கொடுத்தார்.

வருடக் கடைசிக் கண்காட்சிக்கு வந்த தேர்வாளர் அதை இரண்டு முறை படித்தார். மதிப்பெண் போட்டுவிட்டு, கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கன்னியப்பன் பாஸ்.

மதியம் அவர் அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பெரியவன் பட்டதாரி ஆகிவிட்டான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள். படத்தின் முன் நின்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே ஒட்டியிருந்த தாளைத் தடவிப் பார்த்தாள்.

“இங்கிலீஷ்ல இன்னாடா எழுதிக்கிற? தம்பியப் பத்தியா?”

கன்னியப்பன் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

மிஸ் பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த தாய்க் கட்டுரையை எடுத்து, அம்மாவிடம் இதைச் சொல்லலாம் என்பதுபோல அவரிடம் நீட்டினார்.

கன்னியப்பன் அதைப் பார்த்தார். கை நீட்டவில்லை.

“கேட்டப் பாரும்மா” என்றார். “அந்தக் கயித்தக் கட்டுனது நான்தான்.”