மேற்கோளுக்குள் ஒரு மேற்கோள்

தணிகாசலத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டிருந்தார். குரு செண்பகவல்லிக்கு முப்பதுகூட ஆகவில்லை. அதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. லாட்ஜ் அறையில் பேச ஆளில்லாமல் கிடப்பதைவிட ஆபீசில் திட்டு வாங்குவது எவ்வளவோ தேவலை.

அவர்கள் செய்துகொண்டிருந்த கருவி, மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களைப் படித்து நடைப்பிழை சொல்லும். மேற்கோள் குறிகளுக்குள் இருப்பதை மட்டும் அது தொடக்கூடாது. அது மனுஷர் பேச்சு. அந்தப் பேச்சைக் கண்டுபிடிக்கும் ரெஜெக்ஸ் என்ற தேடல் சூத்திரம் தணிகாசலம் எழுதியது. ஏழாவது தடவையாகத் திரும்பி வந்திருந்தது.

"என்ன குறை மேடம்? ஒரு குறியில ஆரம்பிக்குது, அடுத்த குறியில முடியுது."

"நிஜமா ஒருத்தர் சொன்ன வாக்கியத்தைப் போட்டுப் பாருங்கண்ணா. அதுக்குள்ள இன்னொருத்தர் பேச்சும் வரணும்."

செண்பகவல்லி எதையும் அப்படித்தான் சோதிப்பது. கற்பனை வாக்கியம் எடுபடாது.

"எங்கிட்ட யாரு பேசறாங்க?"

தணிகாசலம் போனைத் துழாவினார். மகள் நாலு மாசத்துக்கு முன்னால் அனுப்பியது ஒன்று இருந்தது. அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றுமே இல்லை. அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார். உள்ளே வரும் குறிகளுக்கு முன்னால், இது முடிவில்லை என்று காட்டும் சாய்கோட்டையும் மறக்காமல் போட்டார். கடைசி வரியில் கை நின்றுவிட்டது.

"அப்பா, ஊர்ல எல்லாரும் \"அப்பனைத் தனியா விட்டுட்டாளே\"ன்னு பேசறாங்க. எனக்கும் மனசு கேக்கல. நான் வந்துடட்டுமா?"

கருவியை ஓட்டினார். "எல்லாரும்" என்பதோடு பேச்சு முடிந்தது என்றது ரெஜெக்ஸ். ஊர் சொன்னது மட்டும் பிழை பிழையென்று சிவந்தது. மிச்சம், யாரோ சொன்ன வேறு வாக்கியமாக ஓரத்தில் கிடந்தது.

"நாலு மாசம் முன்ன மக இதை அனுப்பினப்ப நானும் அந்தச் சிவப்பைத்தான் பார்த்தேன் மேடம். ஊர்ப்பேச்சையெல்லாம் எனக்கு அனுப்பாதேன்னு எழுதிட்டேன். அதுக்குக் கீழ படிக்கவே இல்லை."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"ரெஜெக்ஸை இன்னிக்கே சரி பண்ணித் தந்துடறேன்."

"அது கெடக்கட்டுங்கண்ணா. புள்ள நாலு மாசமா கேட்டுட்டு நிக்குது."